சுணங்காமல் தொடங்கிய வேலை

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி மனேச்சர் கேட்டபோது முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். தண்ணீர் மோட்டரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? என் வீட்டுக் குழாய் ஒழுகினால் இன்றைக்கும் ஆள் கூப்பிடுகிறவள் நான். அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். "மோட்டரைப் பற்றிச் சொல்ல எங்களிட்டை ஆக்கள் இருக்கினம் மிஸ். நீங்கள் அந்தக் கதிரையைப் பற்றி எழுதுங்கோ" என்றார்.

அந்தக் கதிரை எங்கள் கம்பனியின் மருதனார்மடத்துக் கந்தோரில் யன்னலோரம் கிடந்தது. அதில் இருந்தபடியேதான் எனக்குத் தலை நரைத்தது. வெளியே திருத்த வேலைக்குப் போன பெடியள் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள், வேலையின் எந்தக் கட்டத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. அவர்கள் தங்கள் போனில் அமத்துவார்கள்: புறப்பட்டாச்சு, போய்ச் சேர்ந்தாச்சு, வேலை தொடங்கியாச்சு, சாமானுக்குக் காத்திருக்கிறன், வேலை முடிஞ்சுது. அவர்கள் அமத்த அமத்த என் திரையில் அந்தந்தப் பெயருக்குப் பக்கத்தில் நிறம் மாறும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு நேரம் போனது என்று மாதக் கடைசியில் கொழும்புத் தலைமைக் கந்தோர் கூட்டிப் பார்க்கும். நல்ல ஏற்பாடுதான். நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிறவியிலேயே பயந்தவள். பெடியன் ஒருவன் புறப்பட்டு, போய்ச் சேரக் கொஞ்சம் சுணங்கினாலும் எந்தச் சந்தியில் எந்த பஸ் அவனை அடித்ததோ என்று என் மனம் ஓடிவிடும். வீட்டிலும் இதற்குப் பேச்சு வாங்கியிருக்கிறேன். அந்தக் கதிரையில் எனக்குச் சம்பளம் தந்ததே அந்தப் பயத்துக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

தலைமைக் கந்தோருக்கு எங்கள் மேல் ஓயாத கேள்வி ஒன்று இருந்தது. போய்ச் சேர்ந்தவர் ஏன் உடனே வேலையைத் தொடங்குவதில்லை? சேர்ந்ததற்கும் தொடங்கியதற்கும் நடுவில் போகிற நேரம் எங்கே போகிறது? நான் உண்மையைத்தான் எழுதினேன். தேத்தண்ணிக்குப் போகிறது. படலை திறந்து உள்ளே வந்த மனுசனைத் தேத்தண்ணி குடுக்காமல் கிணற்றடிக்கு அனுப்புகிற வீடு இந்தக் குடாநாட்டில் இல்லை. வெறுமனே தேத்தண்ணியும் வராது. மோட்டர் வாங்கக் காசு அனுப்பின மகனுடைய கதை வரும், அவனுக்கு இன்னும் கலியாணம் சரிவராத கதை வரும், மோட்டர் முதல் முதல் சத்தம் போட்ட நாளின் கதை வரும். எல்லாம் கேட்டு முடித்துத்தான் பெடியன் எழும்பலாம். நான் பெடியளுக்கு முட்டுக் கொடுக்கிறேன் என்று கொழும்பில் நினைத்தார்கள்.

வேலை முடிந்த பிறகும் சில வீடுகளில் விடமாட்டார்கள். "பொறுங்கோ தம்பி, ராகுகாலம் முடியட்டும், பிறகு சுவிச்சைப் போடுவம்" என்பார்கள். பெடியன் சாமான்களைக் கட்டி வைத்துவிட்டுக் குந்தியிருப்பான். அன்ரன் என்று குருநகர்ப் பெடியன் ஒருவன் இருந்தான். மாதா கோயிலுக்குப் போகிறவன், அவனுக்கு ராகுவும் இல்லை கேதுவும் இல்லை. எரிச்சலில் ஒருநாள் 'சாமானுக்குக் காத்திருக்கிறன்' என்பதை அமத்தி, என்ன சாமான் என்ற இடத்தில் ராகு என்று அடித்துவிட்டான். ராகு எந்த மோட்டருக்குரியது, வெளிநாட்டிலிருந்து எடுக்க வேண்டுமா என்று கொழும்பிலிருந்து கேட்டார்கள். "அது எடுப்பிக்கிற சாமான் இல்லை, தானாப் போறது" என்று சொல்லி போனை வைத்துவிட்டு நான் வயிறு நோகச் சிரித்தேன்.

எங்களுக்குள் ஒரு ஒப்பந்தமும் இருந்தது. 'வேலை தொடங்கியாச்சு' என்று ஒருவன் அமத்திவிட்டால் அவனுக்கு நான் போன் எடுத்துக் கூப்பிட மாட்டேன், வேறு யாரையும் கூப்பிட விடவும் மாட்டேன். தண்ணீர்த் தாங்கியின் உச்சியில் நின்ற பெடியன் ஒருவனுக்கு விற்பனைப் பகுதியிலிருந்து யாரோ எதையோ கேட்கப் போன் எடுத்து, அவன் பொக்கற்றுக்குள் கை விட்டுக் கால் தவறி, குழாயைப் பிடித்துத் தொங்கித் தப்பினான். அதற்குப் பிறகு பெடியள் கூட்டமாக வந்து என் மேசையைச் சுற்றி நின்றார்கள். "மேலை நிக்கேக்கையோ கிணத்துக்குள்ளை நிக்கேக்கையோ போன் அடிச்சால், நாங்கள் வேண்டாம் எண்டாலும் கை தன்ரை பாட்டிலை பொக்கற்றுக்குப் போகுதக்கா" என்றார்கள். அது நியாயம். அந்த ஒப்பந்தத்தை நான் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்தேன்.

இனி யோகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடுவில் ஆள். நெடுவல், நிதானமான பேச்சு, அதைவிட நிதானமான நடை. ஒரு வீட்டுக்குப் போனால் மோட்டரின் முழு வரலாறும் கேட்காமல் ஒரு ஸ்பானரைக்கூடத் தொடமாட்டான். சேர்ந்ததற்கும் தொடங்கியதற்கும் நடுவே அவனுக்குப் போகிற நேரம்தான் எங்கள் எல்லாரிலும் அதிகம். அவன் திருத்தின மோட்டருக்கு அதே கோளாறென்று இரண்டாம் தரம் யாரும் எங்களைக் கூப்பிட்டது குறைவு. ஆனால் அதற்குத் திரையில் ஒரு நிறமும் கிடையாது.

கடைசியில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. இந்த நேரம் குறையாவிட்டால் நிறுத்தப்படுகிற ஆட்களில் அவனும் ஒருவன் என்று எழுதியிருந்தார்கள். மனேச்சர் அவனை உள்ளே கூப்பிட்டு மரியாதையாகத்தான் சொன்னார். வெளியே வந்தவன் என் மேசையடியில் நின்று, "இனித் தேத்தண்ணிக் கோப்பையோடைதான் அக்கா கிணத்துக்குள்ளை இறங்க வேணும்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அன்று மதியம் கட்டிக்கொண்டு வந்த சோற்றை அவன் அவிழ்க்கவேயில்லை.

அடுத்த கிழமை, நல்ல கோடை வெயில். யோகனுக்குக் கரவெட்டியில் வேலை. வீட்டுக்காரர் வெளிநாட்டில், கோயில் திருவிழாவுக்குக் குடும்பமாக வருகிறார்கள், அதற்குள் கிணற்று மோட்டர் ஓட வேண்டும். அன்ரனுக்கும் அந்தப் பக்கம்தான் வேலை, நெல்லியடியில் ஒரு கலியாண மண்டபத்தில். காலை வேலைகள் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. யோகனின் பெயருக்குப் பக்கத்தில் 'போய்ச் சேர்ந்தாச்சு' வந்தது. நான் கண்ணை எடுக்க முதல் 'வேலை தொடங்கியாச்சு' வந்துவிட்டது.

பின்னால் நின்ற மனேச்சரும் கண்டார். "பாத்தியளே மிஸ், சொன்னது வேலை செய்யுது" என்றார். எனக்கும் சந்தோசம்தான். ஒரு குடும்பத்தின் சோறு தப்பியது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். யோகனின் பெயரை விட்டு என் கண் அகலவில்லை. ஏனென்று தெரியவில்லை. கிணற்று மோட்டர் வேலைக்கு இதைவிட எவ்வளவோ நேரம் போகும், ஆகையால் யோகன் சுணங்கிவிட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. திரையில் எங்கேயும் சிவப்பில்லை. என் வழக்கமான பயம்தான் என்று என்னை நானே ஏசினேன். வாங்கி வைத்திருந்த வடையை எடுத்து ஒரு கடி கடித்தேன், மிச்சத்தைத் திருப்பிச் சுற்றி வைத்தேன்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. யோகனைத் தலைமைக் கந்தோர் வெருட்டலாம். கரவெட்டிப் பெண்டுகளை வெருட்ட ஏலுமா? வீட்டுக்காரர் இல்லாவிட்டாலும், வீட்டைப் பார்க்க நிற்கிறவர்கள் யோகன் ஓடப் பார்த்தாலும் பிடித்து இருத்தியிருப்பார்கள். வேண்டாம் வேண்டாம் என்று அவன் சொல்லி, அவர்கள் கேளாமல் கேத்திலை அடுப்பில் வைத்து, எப்படியும் கொஞ்ச நேரம் போயிருக்கும். படலையால் போனவன் நேரே கிணற்றடிக்குப் போயிருக்கிறான் என்றால், அவனை மறிக்க அங்கே ஒருவரும் இல்லை. அவன் தனியே கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறான்.

வேலைக்குப் பதிந்த விபரத்தில் வீட்டுக்காரரின் வெளிநாட்டு நம்பரும், படலைப் பூட்டின் திறப்பு வைத்திருக்கிற பக்கத்து வீட்டு அம்மாவின் நம்பரும் இருந்தன. அந்த அம்மாவுக்கு எடுத்தேன்.

"நான் யாழ்ப்பாணத்துக்கு, கிளினிக்குக்குப் போற பஸ்ஸிலை இருக்கிறன் பிள்ளை. படலையடியிலை திறப்பைக் குடுத்திட்டு பஸ்ஸுக்கு ஓடி வந்தனான். அந்தத் தம்பிக்கு ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடுக்கேல்லை, எனக்கு மனம் ஒரு மாதிரிக் கிடக்கு."

"அங்கை பக்கத்திலை வேறை ஆரும் இருக்கினமோ அம்மா?"

"ஆர் இருக்கினம்? முன்வீடும் பூட்டு, பின்வீடும் பூட்டு. எல்லாரும் வெளியிலை. கிணத்தடியும் பத்தையாக் கிடக்கு, அவரைப் பாத்து இறங்கச் சொல்லுங்கோ."

நான் போனை வைத்துவிட்டு யோகனின் நம்பரைத் திரையில் எடுத்தேன். விரலை வைக்க முடியவில்லை. அவன் இப்போது இரும்புப் படியில் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றால்? மணி அடித்து, மற்றக் கை தன் பாட்டில் பொக்கற்றுக்குப் போனால்? எதற்குப் பயப்படுகிறேனோ அதை நானே செய்துவிடுவேன். எடுக்காமல் விட்டால், அவன் விழுந்து கிடக்கிறான் என்றால்? இரண்டு பக்கமும் கிணறுதான். பிள்ளைகளே, உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். அப்போது யாரும் உங்கள் பக்கத்தில் நின்று சரியான பதிலைச் சொல்லித் தர மாட்டார்கள்.

அன்ரனை அனுப்பப் போகிறேன் என்று மனேச்சரிடம் சொன்னேன். அவர் என்னைப் பைத்தியம் என்று பார்க்கவில்லை. ஆறுதலாகவே கதைத்தார். "மிஸ், யோகன் தொடங்கிக் கனநேரம் ஆகேல்லை. அன்ரன் நிக்கிற மண்டபத்திலை இண்டைக்குக் கலியாணம். தண்ணி இல்லாமல் சமையல் நிண்டால் எங்கடை பேர் என்ன ஆகும்? யோகன் அங்கை சும்மா வேலை செய்துகொண்டு நிண்டால், அவனைப் பாக்க ஆள் அனுப்பினது எண்டு அதுவும் அவன்ரை பேரிலைதான் ஏறும்."

அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. நானும் அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் சொன்ன நட்டங்களில் திருத்த முடியாதது என்று ஒன்றும் இல்லை. மண்டபத்தாரிடம் மன்னிப்புக் கேட்கலாம். யோகனின் பேருக்காக நான் கொழும்புக்கே போய் நின்று கதைக்கலாம். என்னைப் பார்த்து ஊரே சிரித்தாலும் சிரிக்கட்டும், பிறகு மறந்துவிடுவார்கள். கிணற்றுக்குள் ஒருவன் கிடந்தால் அதைப் பிறகு ஒன்றும் செய்ய ஏலாது. இதை மட்டும் எங்கேயாவது மனதில் போட்டு வையுங்கள். அவசரத்தில் எது சரியென்று தெரியாவிட்டால், எது பிழைத்தால் திருத்தலாம் என்று பாருங்கள்.

அன்ரனும் அப்போது வேலைக் கட்டத்தில்தான் இருந்தான். நிலத்து மோட்டர், அவன் நிலத்தில்தான் நிற்கிறான் என்று தெரிந்தபடியால் ஒப்பந்தத்தை மீறி அவனுக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். நான் அந்த நேரத்தில் எடுக்கிறவள் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

"என்னக்கா, எங்கடை வீட்டிலை ஏதும்...?"

"வீட்டிலை ஒண்டும் இல்லை. நீ உடனை யோகன் நிக்கிற வீட்டுக்குப் போ. கிணத்தைப் பார்."

"மோட்டரைக் கழட்டிப் பரப்பி வைச்சிருக்கிறன் அக்கா. சமையல்காரர் அண்டாவோடை சுத்தி நிக்கினம். என்னை உரிச்சுப் போடுவினம்."

"உரிக்கட்டும். நீ ஓடு."

"அப்ப நான் என்ன கட்டம் அமத்த?"

"ஒண்டும் அமத்தாதை. ஓடடா!"

அன்ரனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுப் போன் நின்றது. பிறகு நான் அனுபவித்த நேரத்தை எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மண்டபத்துக்காரர் கந்தோருக்கு எடுத்துக் கத்தினார். நான் எடுக்க முதல் மனேச்சர் போனை வாங்கிக்கொண்டார். "ஓம் அண்ணை... பிழை எங்கடைதான் அண்ணை... பவுசர் லொறியிலை தண்ணி வருது, நானே அனுப்பிறன்..." என்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்தது கேட்டது. என்னோடு ஒத்துக்கொள்ளாத மனுசன் எனக்காக ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என் கண்ணுக்கு முன்னால் யோகனின் பெயர், பக்கத்தில் 'வேலை தொடங்கியாச்சு', அழகான பச்சை நிறத்தில். அந்தப் பச்சையை எனக்கு அன்றிலிருந்து பிடிக்காது. பிள்ளையாரே, அவன் அங்கே வேலிக்கரையில் நின்று மாங்காய் கடித்துக்கொண்டிருக்க வேண்டும், எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று மன்றாடினேன். என் வாழ்நாளில் அவமானப்பட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

கடைசியில் அன்ரன் போன் எடுத்தான். மூச்சு வாங்கினது.

"அக்கா... ஆள் கிணத்துக்குள்ளை. சீவன் கிடக்கு. அம்புலன்சுக்குச் சொல்லுங்கோ."

பழைய கிணறு. சுவரில் பதித்த இரும்புப் படி துருப்பிடித்துப் போய்க் கிடந்திருக்கிறது. யோகன் கால் வைக்க அது பெயர்ந்துவிட்டது. விழுகிறபோது தோள் கல்லில் அடிபட்டு ஒரு கை ஏலாமல் போய்விட்டது. கழுத்தளவு தண்ணீர். மற்றக் கையால் மோட்டர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். போன் மேலே மோட்டார் சைக்கிள் பையில். நான் அடித்திருந்தாலும் அவனுக்குக் கேட்டிராது. அன்ரன் ஒழுங்கையால் போன நாலைந்து பேரைக் கூப்பிட்டு, கயிற்றில் கதிரையைக் கட்டி இறக்கித்தான் ஆளை எடுத்தார்கள்.

அந்த மாதத்து அறிக்கையில் ஒரு வேடிக்கை நடந்தது. போய்ச் சேர்ந்து ஆகக் குறைந்த நேரத்தில் வேலையைத் தொடங்கியது யோகன் என்று வந்தது, அதுவும் அந்தக் கரவெட்டி வேலைக்கு. மனேச்சர் அதை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு நேரே போனார். என்ன கதைத்தாரோ தெரியாது, யோகனின் பெயர் அந்தக் கடிதத்தோடு காணாமல் போனது. இப்போது நீங்கள் வேலைக்குப் புறப்பட முதல் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்களா என்று உங்கள் போன் கேட்கிறதே, இல்லையென்றால் இரண்டு பேராய்ப் போகச் சொல்கிறதே, அது அதற்குப் பிறகு வந்ததுதான். இந்தக் கதிரைக்கு வரப்போகிற பிள்ளைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சுணங்குகிறவனை எல்லாரும் பார்ப்பார்கள், அதற்கு நீ தேவையில்லை. வழக்கத்தை விட்டு வேகமாகப் போகிறவனை நீ பார்.

யோகன் விழுந்த அன்று பின்னேரம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யோகனின் மனைவி இன்னும் வந்து சேரவில்லை. தோளில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். கத்திக் கத்திக் குரல் அடைத்துப் போயிருந்தது.

"பாண் விக்கிற ஓட்டோக்காரன்ரை பாட்டு ஒழுங்கையாலை போனதக்கா. கத்தினன். அந்தப் பாட்டுச் சத்தத்திலை ஆருக்குக் கேக்கும்? திரும்பியும் வந்தவன், திரும்பியும் கத்தினன். பிறகு ஒரு சத்தமும் இல்லை. கை விறைச்சுப் போச்சு. விட்டிடுவம் எண்டு ஒருக்கா நினைச்சனான். பிறகு வீட்டிலை இவளை நினைச்சன். பிறகு திருப்பியும் விட்டிடுவம் எண்டு நினைச்சனான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை முழுக்கக் கன்றிப் போயிருந்தது.

அப்போது அவன் மனைவி வந்தாள். சின்னப் பிள்ளைதான், கலியாணம் முடித்துக் கனகாலம் இல்லை. கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. தோளைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள், பிறகு கேட்டாள்.

"எவ்வளவு நேரம் உதுக்குள்ளை கிடந்தனீங்கள்?"

"நேரம் என்ன நேரம்? விழ, அன்ரன் வந்திட்டான்."

"அப்ப ஏன் குரல் உப்பிடி?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, எல்லா நேரமும் உங்களிட்டைத்தான் இருக்கும் எண்டு இவர் சொல்லுறவர். நீங்கள் சொல்லுங்கோ. எவ்வளவு நேரம்?"

அவன் எத்தனை மணிக்கு அமத்தினான் என்று எனக்குத் தெரியும். அன்ரன் எத்தனை மணிக்குப் போன் எடுத்தான் என்றும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் கிடந்த ஒவ்வொரு நிமிடமும் என் தலைக்குள் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. கொழும்பு எவ்வளவு கேட்டும், பெடியள் எவ்வளவு கெஞ்சியும், நான் யாருக்காகவும் ஒரு நிமிடத்தைக் கூட்டினதுமில்லை, குறைத்ததுமில்லை.

"கொஞ்ச நேரந்தான் பிள்ளை" என்றேன். "விழுந்த கையோடை அன்ரன் போய்ச் சேந்திட்டான்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையாட்டிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள்.